சுவர்ப் பக்கம் படுத்தவன்

கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். முழுக்கச் சாத்துங்கள்... ஆம், தாழ்ப்பாளையும்தான். நாளைக் காலை கோர்ட்டில் ஜூரியாக உட்கார வேண்டியவர்கள் நாம். இந்தச் சத்திரத்துக் கட்டிலில் எல்லோரும் இப்போதே தூங்குவதுதான் நல்லது. ஆனால் எந்த வழக்குக்கு உட்காரப் போகிறோம் என்று தெரியாமல் தூங்குவது அதைவிடக் கெடுதல். அதனால் சொல்கிறேன். நடுவில் யாரும் எழுந்து போகாதீர்கள்.

பொழுது சாய்ந்து, வெளிச்சம் மட்டும் இன்னும் போகாத நேரம்... பிப்ரவரித் தொடக்கம். மெழுகுத்திரித் திருநாளுக்கு முந்தின மாலை. ஹாதர்பிக்குப் போகும் மேட்டுப்பாதை உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் சதுப்பு. நடுவே ஒரு வண்டி போகும் அகலம். நாணல் சலசலக்கும், வேறு சத்தம் இருக்காது. அதில் ஒரே ஒரு ஆள், குதிரை மேல்.

பெயர் ஹாமன் மல்லட். வக்கீல். என் சிநேகிதன் ஜோஸ்லினுக்குத் தாய்மாமன். சிநேகிதனின் மாமன்தான், ஆனாலும் 'அவர்' என்று சொல்ல எனக்கு நாக்கு வளையவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அன்று அவன் மனதில் இருந்தது ஒரே வேலை. விடிவதற்குள் இன்னொருவனுடைய படுக்கையில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்.

சிரிக்காதீர்கள். பெண் விவகாரம் இல்லை. அந்தப் படுக்கைக்குச் சொந்தக்காரன் செத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

ஹாமனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நரிக்கும் அவன்தான் வக்கீல், கோழிக்கும் அவன்தான் வக்கீல். வழக்கு முடியும்போது கோழியும் இருக்காது, நரிக்கும் வயிறு நிறைந்திருக்காது. தெருவில் அவன் வந்தால் ஜனங்கள் எதிர்ப்பக்கம் மாறி நடப்பார்கள். இருந்தும் அவனைப் பார்லிமெண்ட்டுக்கு இரண்டு முறை தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். ஏன் என்கிறீர்களா? ஊரைவிட்டுக் கொஞ்ச நாள் அவனை வெளியே அனுப்ப வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை.

ஹாதர்பியில் செர்லோ என்று ஒரு பண்ணைக்காரன். மாடு போல உடம்பு. வயலின் இந்தக் கரையில் பேசினால் அந்தக் கரையில் கேட்கும். அவனுடைய புல்வெளியும் ஆற்றோர மாவு மில்லும் தன்னுடையவை என்று மேலிடத்து ராண்டல் பிரபு வழக்குப் போட்டார். செர்லோ ஹாமனிடம் ஓடினான். நிலத்தைக் காப்பாற்றிக் கொடுத்தால் அந்த மில்லே உனக்கு என்றான். அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் வித்து.

ஹாமன் சொன்ன யோசனை பழைய யோசனைதான். படுக்கைச் சாக்கு. நமக்கெல்லாம் தெரிந்ததுதானே... கட்சிக்காரன் நோயில் விழுந்துவிட்டான் என்று கோர்ட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். கோர்ட்டு நான்கு துரைமாரை அனுப்பும். அவர்கள் வந்து பார்த்து, "உண்மையான நோய்ப்படுக்கைதான்" என்று சொல்லிவிட்டால் வழக்கு ஒரு வருஷமும் ஒரு நாளும் அப்படியே நிற்கும். ஆனால் அதுவரை அவன் எழுந்திருக்கக் கூடாது. இடுப்பில் வாரும் காலில் பூட்ஸுமாக அவனை எவனாவது பார்த்துவிட்டால் அந்தக் கணமே வழக்கு போயிற்று.

"படுன்னா படுக்கறதுக்கு நான் என்ன பிள்ளை பெத்தவளா, வக்கீலய்யா?" என்று செர்லோ கத்தினானாம்.

"நிலம் வேணும்னா படு. வேணாம்னா எந்திரிச்சு நட. எனக்கென்ன?"

படுத்தான். சுவரோரமாகப் போட்ட பெரிய கட்டில். வாரைக் கழற்றி, பூட்ஸைக் கழற்றி, செப்டம்பர் மாதத்து வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு படுத்தான். ஆற்றில் வெள்ளம். துரைமார் வரத் தாமதமாயிற்று. செர்லோ படுத்தே கிடந்தான். வா வா என்று நோயைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தி வைத்தால் அது உள்ளே வராமல் என்ன செய்யும்? சதுப்புக் காய்ச்சல் வந்தது. நிஜமாகவே வந்தது.

உடம்பு கொதித்தது. பல் கிட்டியது. "பாதிரியாரக் கூப்பிடுங்க... நான் செஞ்ச பாவத்தச் சொல்லணும்..." என்று கெஞ்சினான். அவன் மனைவி ஹாவிஸ் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடப் போனாள். ஹாமன் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டான்.

"எங்கம்மா போற? பாதிரி யாரு? ராண்டல் பிரபுவோட ஒண்ணுவிட்ட தம்பி. அவன் சாகறவனுக்குப் பூசற எண்ணெய்க் குப்பியோட உள்ள வந்தா, சாவு வந்திருச்சுன்னு ஊருக்கே தெரியும். உன் பையனுக்கு இன்னும் இருபத்தொண்ணு ஆகல. அதுக்குள்ள அப்பன் செத்தா, சட்டப்படி பையனும் நிலமும் பிரபு கைக்குப் போயிரும். மரத்தையெல்லாம் வெட்டி வித்துட்டு, பையனை எவளோ ஒருத்திக்குக் கட்டி வெச்சிருவான். சம்மதமா?"

"அதுக்காக என் புருஷன் நாயாட்டம் சாகணுமா?"

"சாக மாட்டான். பொறு."

கொலைகாரனுக்குக்கூடத் தூக்குமேடையில் பாதிரி கிடைப்பான். செர்லோவுக்குக் கிடைக்கவில்லை. நான் எத்தனையோ வக்கீலைப் பார்த்திருக்கிறேன். இதைச் செய்யத் துணிந்த ஒருவனைப் பார்த்ததில்லை. கடைசியில் செர்லோ கண்ணைத் திறந்து ஹாமனையே பார்த்தானாம்.

"நீங்க சொன்னதத்தானே செஞ்சேன்... இன்னும் எவ்வளவு நாள்தான் படுக்கணும்?"

ஹாமன் என்ன சொன்னான் தெரியுமா?

"நான் எந்திரின்னு சொல்ற வரைக்கும் படு."

செர்லோ சரி என்பதுபோல் தலையை ஆட்டினான். அத்தோடு சரி... அப்புறம் மூச்சில்லை.

இந்த வார்த்தையை மறந்துவிடாதீர்கள்.

அன்று பொழுது விடிந்ததும் முற்றத்தில் குதிரைக் குளம்புச் சத்தம். துரைமார் நான்கு பேரும் வந்து நிற்கிறார்கள். பிணத்தைத் தூக்க நேரமில்லை. ஹாமன் ஒன்று செய்தான். தன் வாரைக் கழற்றினான். பூட்ஸைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். பிணத்தைச் சுவர்ப் பக்கம் நெருக்கி, அதே கம்பளிக்குள் தானும் நுழைந்தான். காடியில் நனைத்த துணியை முகத்தின் மேல் போட்டுக்கொண்டான். முகத்தில் அக்கி, யாரும் கிட்டப் போகாதீர்கள் என்று ஹாவிஸ் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். அந்த அழுகை நிஜம். அதனால் நம்பினார்கள்.

மூத்தவர் யூஸ்டஸ் துரை. வழக்கப்படி கம்பளியைக் கால்மாட்டில் தூக்கிப் பார்த்தார், செருப்பு பூட்ஸ் ஏதாவது இருக்கிறதா என்று. ஹாமன் தன் காலை மடக்கி மேலே இழுத்துக்கொண்டான். துரையின் கை வேறு ஒரு காலைத் தொட்டது.

"ஐயோ... ஐஸ் மாதிரி இருக்கே. பாவம். ஓய் செர்லோ, ஒரு வருஷமும் ஒரு நாளும் இந்தப் படுக்கைய விட்டு எந்திரிக்க மாட்டேன்னு ஒத்துக்கறியா?"

ஹாமன் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை.

"ஒத்துக்கறேன்."

தெளிவாகக் கேட்டது. துரைமார் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார்கள்.

நாம்தான் சொன்னோம் என்று ஹாமன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பயத்தில் சொன்னது நினைவில்லை, அவ்வளவுதான் என்று. ஆனால் அந்தக் குரல் வந்தது அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து... சுவர்ப் பக்கத்திலிருந்து.

பிணத்தை அன்றிரவே கொட்டகைக்குப் பின்னால் சதுப்பு மண்ணில் புதைத்தார்கள். பாதிரி இல்லை. மணி இல்லை. பையன் லின்கனில் கம்பளிக் கிடங்கில் வேலையாக இருந்தான். அப்பாவுக்கு ஒட்டுவாரொட்டி நோய், வராதே என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். மாடியறையைப் பூட்டி, தினமும் அங்கே கஞ்சி கொண்டு போவதுபோல் ஹாவிஸ் போய் வந்தாள். "பையனுக்கு வயசு வரட்டும். அப்புறம் எடுத்து முறையா கோயில் மண்ணுல புதைக்கலாம்" என்றான் ஹாமன். அவனுக்கு மில்லின் சக்கரம் சுற்றும் சத்தம் அப்போதே காதில் கேட்டிருக்கும்.

குளிர் தொடங்கியதும் யார்க்கில் பார்லிமெண்ட் கூடியது. ஹாமன் கிளம்பினான். வழியில் ஒரு சத்திரம். இதைப் போலத்தான், ஒரே கட்டிலில் நாலு பேர் ஐந்து பேர் என்று படுக்க வைப்பார்கள். ஹாமன் போனபோது விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். தடவிப் பார்த்து ஓரத்தில் இடம் பிடித்துப் படுத்தான். சுவர்ப் பக்கம் ஏற்கெனவே யாரோ ஒருவன், முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். பெரிய முதுகு. அவன் பக்கமிருந்து குளிர் வந்தது. நடுராத்திரியில் கம்பளி அந்தப் பக்கமாக மெல்ல... மெல்ல... நகர்ந்தது. காலையில் பார்த்தால் ஆள் இல்லை. விரிப்பு மட்டும் நனைந்திருந்தது. காடி நாற்றம். அதற்குள்ளே ஈரச் சதுப்பு மண் நாற்றம்.

அடுத்த ஊர்ச் சத்திரத்திலும் அவன் இருந்தான். யார்க்கிலும் இருந்தான். ஹாமன் வேறு தெருவில், கூடுதல் வாடகைக்குத் தனிக் கட்டில் பிடித்தான். அங்கேயும் சுவர்ப் பக்கம் கம்பளி மேடாக இருந்தது. அது எழுந்ததில்லை, பேசியதில்லை, தொட்டதுமில்லை. படுத்திருந்தது. அவ்வளவுதான்.

யார்க்கில் இன்னொன்றும் நடந்தது. ஜனங்கள் சார்பில் மனுக்கள் வாசிக்கும் நாள். நம் ஜில்லாவிலிருந்து போன மனு என்ன தெரியுமா? வக்கீல்கள் பொய்யாக ஆளைப் படுக்க வைத்து வழக்கை இழுக்கிறார்கள், இதைத் தடுக்க வேண்டும் என்று! அதைப் படித்து எடுத்துப் பேச வேண்டியவன் ஹாமன். பேசினான். கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பேசினான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பாதியில் எதிர் வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார்.

"ஓய் மல்லட்! பேச்செல்லாம் சரி. வாரு எங்கய்யா? பூட்ஸ் எங்க? படுக்கையிலேருந்து நேரா எந்திரிச்சு வந்தியா?"

ஹாமன் குனிந்து பார்த்தான். இடுப்பில் வார் இல்லை. வெறுங்கால். காலையில் மாட்டிக்கொண்டு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. கல் தரையில் அவன் கால் பட்ட இடமெல்லாம் கறுப்பாக, ஈரமாக... சதுப்பு மண். சபையே சிரித்தது. சொந்த ஜில்லாக்காரர்கள்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்கள். எவனோ வேண்டாதவன் செய்த விஷமம் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். அவனுக்கு வேண்டாதவர்களுக்கா பஞ்சம்?

ஊர் திரும்பியதும் செய்தி காத்திருந்தது. செர்லோவை வாரும் பூட்ஸுமாகக் கொட்டகைப் பக்கம் பார்த்தோம் என்று ராண்டல் பிரபு இரண்டு சாட்சிகளைக் கோர்ட்டில் நிறுத்திவிட்டார். பொய்ச் சாட்சி. ஹாமனுக்கு நன்றாகத் தெரியும். அதே இரண்டு பேரை அவனே ஒருமுறை வாடகைக்குப் பிடித்திருக்கிறான். ஆனால் கோர்ட்டு துரைமாரை மறுபடி போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டது. திருநாள் அன்று காலையில் வருவார்கள். படுக்கையில் ஆள் இல்லையென்றால் நிலம் போயிற்று, பையன் போனான், மில் போயிற்று. செத்தவனை உயிரோடிருப்பதாகக் காட்டிய குற்றத்துக்கு ஹாமனின் கழுத்தும் போகும்.

அதனால்தான் அந்த மாலை, அந்தப் பாதையில் அவன்.

பாதி தூரம் வந்திருப்பான். குதிரை நின்றது. காதை முன்னால் நீட்டியது. உதைத்தான்... நகரவில்லை. இறங்கிப் பார்த்தால் பாதைக்குக் குறுக்கே சேற்றில் ஒரு பள்ளம். ஆள் நீளத்துக்கு. தலை வைத்த இடம், தோள் வைத்த இடம், குதிகால் வைத்த இடம். யாரோ நெடுநேரம் மல்லாந்து படுத்துவிட்டு இப்போதுதான் நகர்ந்துகொண்டதுபோல் அதில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. குதிரையைச் சுற்றி நடத்திக் கடந்தான். ஏறினான். கொஞ்ச தூரம் போனதும் குதிரை மறுபடி நின்றது. அங்கேயும் ஒரு பள்ளம். பிறகு இன்னொன்று. காடி நாற்றம் காற்றில் நின்றது. ஹாதர்பி போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. இடுப்பு வார் நழுவி எங்கோ விழப் பார்த்தது. கையில் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தான்.

ஹாவிஸ் அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க வக்கீலய்யா. அவரு மேல படுத்திருக்காரு."

"யாரு?"

"யாருன்னு கேக்கறீங்க பாருங்க. ராத்திரியெல்லாம் கட்டில் கிரீச்சிடுது. காலையில விரிப்பு ஈரம். நீங்கதானே படுன்னு சொல்லிட்டுப் போனீங்க? படுத்திருக்காரு மனுஷன்."

"பயத்துல உளறாத. காலையில துரைமாரு வராங்க. பேசாம நான் சொல்றதச் செய்."

அப்போது அவள் அவன் காலில் விழுந்தாள். ஆமாம், விழுந்தாள். "நிலம் போனாப் போகுது. இன்னிக்காவது பாதிரியாரக் கூப்பிட விடுங்க. அவரத் தோண்டி எடுத்து, மணியடிச்சு, ஜெபம் சொல்லி அனுப்பிருவோம். பாவம், போக வழி தெரியாம கிடக்கறாரு. அவருக்கு ஒரு வார்த்த சொல்ல ஆளில்ல."

ஹாமன் நினைத்தால் அன்று எல்லாம் முடிந்திருக்கும். கழுத்துக்கு ஆபத்துதான், ஆனால் பிரபுவின் காலைப் பிடித்தால் தப்பித்திருக்கலாம், அவன் பிடிக்காத காலா? மில் மட்டும்தான் போயிருக்கும். அவன் காலை உதறிக்கொண்டான்.

"பையனுக்கு இருபத்தொண்ணு ஆகட்டும்" என்றான். மாடிக்குப் போனான்.

இருட்டில் வாரைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பூட்ஸைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். காடித் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தான். வைக்கோல் மெத்தை சுவர்ப் பக்கமாகச் சரிந்திருந்தது... அந்தப் பக்கம் கனமாக ஏதோ இருப்பதுபோல. அவன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சரியாமல் கிடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. இரவு முழுக்க அப்படியே. கம்பளி மெல்ல மெல்லச் சுவர்ப் பக்கம் போயிற்று. விடியும் நேரம். ஒரு பாதம் வந்து அவன் காலின் மேல் ஒட்டிக்கொண்டது. ஐஸ் போல. அந்தக் குளிர் முழங்காலுக்கு ஏறியது. தொடைக்கு ஏறியது.

முற்றத்தில் குளம்புச் சத்தம். துரைமார்.

ஹாமனுக்கு அப்போது புத்தி தடுமாறிவிட்டது. எத்தனை வழக்கு பார்த்தவன், எத்தனை சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்டவன்... ஒரு வார்த்தையை யோசிக்காமல் விட்டுவிட்டான். துணிக்கு அடியிலிருந்து, பல் கிட்ட, சொன்னான்.

"போதும் செர்லோ... எந்திரி. எந்திரிச்சுப் போயிரு."

பிறகு மெத்தை மெதுவாக மட்டமாயிற்று. கட்டில் கிரீச்சிட்டது. பெரிய உடம்பு ஒன்று அவன் மேல் கால் போட்டுத் தாண்டி இறங்கியது. பலகைத் தரையில் ஈரமான வெறுங்கால் சத்தம்... சளப்... சளப்... ஆணியிலிருந்து வாரை எடுக்கும் சத்தம். கொக்கி மாட்டும் சத்தம். கட்டிலுக்கு அடியிலிருந்து பூட்ஸ் உரசிக்கொண்டு வெளியே வரும் சத்தம். ஒன்று... மற்றொன்று. கதவு.

ஹாமன் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை. கையைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. உடம்பு மட்டும் மெல்ல, தானாகவே, சுவர்ப் பக்கமாக நகர்ந்தது.

யூஸ்டஸ் துரை உள்ளே வந்தார். கால்மாட்டில் கம்பளியைத் தூக்கித் தொட்டுப் பார்த்தார். "அதே கால்தான். அன்னிக்கு மாதிரியே ஐஸ்." இந்த முறை விடவில்லை, முகத்துத் துணியையும் எடுத்தார். ஹாமனுக்கு அவருடைய முகம் தெரிந்தது. மீசையில் பனித்துளி. இந்தத் துரைக்கு எதிராக அவன் மூன்று வழக்கு நடத்தியிருக்கிறான். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவனை அடையாளம் சொல்லிவிடுவார். துரை, நான் ஹாமன்... ஹாமன் மல்லட்... சொல்ல வாய் திறக்கவில்லை.

துரை அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துணியைத் திரும்பப் போட்டார்.

"செர்லோதான். எழுதிக்கங்க."

பிறகு கதவுப் பக்கம் திரும்பி, இருட்டில் நின்றவனிடம் சொன்னார்.

"மல்லட், உன் கட்சிக்காரன் வருஷம் தாங்க மாட்டான் போலிருக்கேய்யா."

மாடிப்படியிலிருந்து பதில் வந்தது. ஹாமனின் குரல். அதே வறண்ட கோர்ட்டுக் குரல்.

"நான் எந்திரின்னு சொல்ற வரைக்கும் படுப்பான்."

கீழே, வக்கீல் தலையில் முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். ஹாவிஸ் பார்லிக் கள் கொடுத்தாள். குடித்துவிட்டு இடது கை முழங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். உலகத்தில் அப்படித் துடைக்கும் ஆள் ஒருவர்தான் அவளுக்குத் தெரியும். அவள் கத்தவில்லை. "என் புருஷன் எந்திரிச்சு வந்தாரு. நான் ஏன் கத்தணும்?" என்று பின்னால் ஒருநாள் சொன்னாளாம். ஹாமனின் குதிரை மட்டும் அவரை ஏற்ற மறுத்துக் கொஞ்சம் ஆடியது. அதுவும் பழகிவிட்டது.

ஊரில் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. ஆள் கொஞ்சம் பெருத்துவிட்டான், கை குளிர்ந்திருக்கிறது, கிட்ட வந்தால் சேற்று நாற்றம், சாப்பாட்டைத் தொடுவதில்லை, கோயிலுக்குள் நுழைவதில்லை. வக்கீல்தானே, அப்படித்தான் இருப்பான் என்று விட்டுவிட்டார்கள்.

என் சிநேகிதன் ஜோஸ்லின் மட்டும் விடவில்லை. மாமனோடு ஒரு சத்திரத்தில் ஒரே கட்டிலில் படுத்தானாம். இரவெல்லாம் மாமனிடம் மூச்சுச் சத்தமே இல்லை. மறுநாள் நேராக ஹாதர்பிக்குப் போனான். ஹாவிஸிடம் கேட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்; ஒளிக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. பையனுக்குக் கோடையில் இருபத்தொன்று முடிந்துவிட்டது, இனிப் பிரபு அவனைக் கையில் எடுக்க முடியாது. சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

மாடியறையில் யாரும் இல்லை. கட்டில் இருந்தது. கம்பளி தட்டையாகக் கிடந்தது. ஜோஸ்லின் கால்மாட்டில் உட்காரப் போனான். அப்போது... பக்கத்தில் ஆள் உட்கார வந்தால் படுத்திருப்பவன் காலை மடக்கி இடம் கொடுப்பானே... அதுபோலக் கம்பளி மெல்ல மேலே இழுத்துக்கொண்டது.

ஜோஸ்லின் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். நோய்ப்படுக்கைக்குக் கொடுத்த கெடு இன்றோடு முடிகிறது. கெடு முடிந்தால் நோயாளி தானாக எழுந்து கோர்ட்டுக்கு வர வேண்டும்; அதுதான் சட்டம். நாளைக் காலை செர்லோ என்று பெயர் கூப்பிடுவார்கள். பக்கத்தில் அவனுடைய வக்கீல் நிற்பார். எந்திரி என்று அவர் சொல்வாரா, மாட்டாரா... அதுதான் வழக்கு. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

இன்னும் ஒன்று. பயமுறுத்த வேண்டாம் என்றுதான் முதலில் சொல்லவில்லை. பணம் கட்டும்போது சத்திரக்காரி என்னிடம் ஒன்று சொன்னாள். "கோர்ட்டு வக்கீல் ஒருத்தர் நேரங்கழிச்சு வருவாரு. உங்க கட்டில்லதான் இடம் போட்டிருக்கேன். சுவர்ப் பக்கம் விட்டு வையுங்க, அவருக்கு அதுதான் பழக்கம்."

அவர் எப்போது வருவார் என்று கதவைப் பார்க்காதீர்கள். நீங்கள் தாழ்ப்பாள் போடுவதற்கு முன்பே அந்தப் பக்கம் கம்பளி மேடாகத்தான் இருந்தது.